நாற்பத்தேழாம் பக்கம்

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அந்த ஃபைலின் நாற்பத்தேழாம் பக்கத்தை எந்த மனிதப் பிறவியும் பார்க்கக் கூடாது என்று முப்பதுநாளார் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் சபதம் செய்தார். சபதம் செய்கிறவர்கள் மேஜையில் ஓங்கி அடிப்பது வழக்கம். அவரும் அடித்தார். ஸ்டாம்பு மை டப்பா எகிறிச் சட்டையில் கவிழ்ந்தது. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

முப்பதுநாளார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊர் வைத்தது. நகராட்சி அலுவலகத்தில் பதினோரு வருஷமாக அவர் தகவல் அதிகாரி. அரசாங்கத்திடம் இருக்கிற காகிதத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். முப்பதாம் நாள், மாலை நாலு மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் பதில் போய்விடும். ஆனால் அந்தப் பதிலில் தகவல் மட்டும் இருக்காது.

அதற்காகவே ஐந்து ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தார். 'கேள்வி தெளிவாக இல்லை.' 'வேறு அலுவலகம் சம்பந்தப்பட்டது.' 'ஏன், எதற்கு என்பவை தகவல் ஆகா.' 'மூன்றாம் நபர் விவரம், அவர் சம்மதமின்றித் தர இயலாது.' இந்த நாலுக்கும் தப்பித்து வருகிற எமகாதகர்களுக்காகக் கடைசியாக ஒன்று: 'இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.' தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டவர், சாக்கடையை எப்போது மூடுவீர்கள் என்று கேட்டவர், செத்துப்போன தகப்பனாரின் வீட்டு வரைபடம் கேட்டவர் என்று எல்லாரும் இந்த ஐந்தில் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்கள்.

அன்று திங்கட்கிழமை வந்த மனுவை அவர் இரண்டு தடவை படித்தார். 'பத்தொன்பது வருஷத்துக்கு முன் நகராட்சி வாசகசாலைப் பொறுப்பாளர் வேலைக்கு முதலிடத்தில் தேர்வான பெண் ஏன் வேலையில் சேரவில்லை?' கீழே அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தையல்காரம்மாவின் கையெழுத்து.

முதலிடத்தில் தேர்வான அந்தப் பெண் முப்பதுநாளாரின் மனைவி. ஏன் சேரவில்லை என்றால், தேர்வானதே அவளுக்குத் தெரியாது.

அது கல்யாணமான இரண்டாம் வருஷம். அவர் அப்போது தபால் அனுப்புகிற பிரிவில் கடைசி எழுத்தர். "எழுதித்தான் பாரேன், கிடைக்கவா போகுது" என்று விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கிடைத்துவிட்டது. உத்தரவுக் கடிதம் தபாலில் போவதற்காக அவர் மேஜைக்கே வந்தது. அவருடைய வேலையைவிட இரண்டு படி மேலான வேலை. பக்கத்து மேஜைக்காரர் உறையை எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! வீட்டுக்காரம்மா உனக்கு மேல போயிட்டாங்களே! இனிமே மத்தியானம் கேரியரைத் தூக்கிட்டு வாசகசாலைக்கு நீதாம்பா நடக்கணும்!"

அறையே சிரித்தது. ஒரு நிமிஷம் சிரித்திருப்பார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். முப்பதுநாளாரால்தான் போக முடியவில்லை. அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பணியில் சேர எனக்கு விருப்பமில்லை' என்று எழுதி, மனைவியின் கையெழுத்தைத் தானே போட்டார். வீட்டுக்கு வந்து, "வரலைம்மா. கேள்வித்தாள் ரொம்பக் கஷ்டமாம்" என்றார். அவள் இரண்டு நாள் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். வேறு எதை மறந்தாலும் அந்த ஆறுதலை அவரால் மறக்க முடிந்ததில்லை.

அந்தக் கடிதத்தைக் கிழித்து எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத்தர்களைப் பற்றித் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. பொய் எழுதும் கை அவருக்கு இருந்தது. ஃபைலில் கோத்து, பக்க எண் போட்ட காகிதத்தைக் கிழிக்கும் கை இல்லை. நாற்பத்தேழு என்று எண் போட்டதும் அவரே. ஃபைலைக் கழிவுநீர்க் குழாய் ஃபைல்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தார். பிறகு மனசு கேட்காமல், அது இருக்கும் அலமாரி எண்ணைப் பட்டியல் ரெஜிஸ்டரில் அழகாக எழுதியும் வைத்தார்.

மனைவி வாசகசாலைப் பக்கம் போய் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துவிட்டால்? அதற்கும் வழி செய்தார். சனிக்கிழமை தோறும் அவரே போய் இரண்டு புத்தகம் எடுத்து வந்து கொடுத்தார். பத்தொன்பது வருஷம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை. "உன் வீட்டுக்காரர் மாதிரி உண்டா" என்று தெருப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். திருடன் காவலுக்கு நின்றால் தெரு இப்படித்தான் மெச்சும்.

இனி மனுவுக்கு வருவோம். 'ஏன், எதற்கு என்பவை தகவல் ஆகா' ஸ்டாம்பை எடுத்தார். முப்பதாம் நாள் நாலு மணிக்குக் குத்தினார். வீட்டுக்கு வந்து டீயை ஆற்றிக்கொண்டே மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார். எந்த ஃபைல், யார் மனு என்று மட்டும் சொல்லவில்லை.

"இன்னிக்கு ஒருத்தருக்கு வச்சேன் பாரு ஆப்பு. 'ஏன்'னு கேட்டிருக்காங்க. ஏனாம் ஏன்!"

"ஏன், 'ஏன்'னு கேக்கக் கூடாதா?"

"கூடாதும்மா. காகிதத்துல இருக்கறதுதான் தகவல். மனசுல இருக்கறதையா நான் எடுத்துக் குடுக்க முடியும்?"

"அப்போ எப்படிக் கேட்டிருக்கணும்?"

"இந்த நம்பர் ஃபைல், இந்தப் பக்கம், நகல் வேணும்னு கேக்கணும். அப்படிக் கேட்டா மறுக்க முடியாது."

"பாவங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கு ஃபைல் நம்பர் எப்படித் தெரியும்?"

"அதான் நம்ம ஆபீஸ் வாசல்லயே பட்டியல் ரெஜிஸ்டரைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கே! எல்லாம் என் கையெழுத்து. பதினோரு வருஷத்துல ஒருத்தர் தொட்டுப் பாத்ததில்லை, தெரியுமா?"

"அடடே" என்றாள் அவள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அவருக்கு அவள்தான் கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். வாசலில் என்னமோ ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டு நின்றதாக வாச்மேன் சொன்னார். பொழுது போகாமல் நின்றிருப்பாள் என்று முப்பதுநாளார் நினைத்தார். படிக்கிற பழக்கம் உள்ளவள், கையில் எது கிடைத்தாலும் புரட்டுவாள்.

அந்த வாரமே இரண்டாவது மனு வந்தது. தையல்காரம்மாதான். ஃபைல் நம்பர் இருந்தது. அலமாரி எண்கூட இருந்தது. 'தேர்வுப் பட்டியலும் அதற்கு அடுத்த பக்கமும் நகலாக வேண்டும்.' பட்டியல் நாற்பத்தாறாம் பக்கம். அடுத்தது?

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிராளியை மதித்தார். ஊசியில் நூல் கோக்கிற பொம்பிளைக்கு இவ்வளவு மூளையா என்று வியந்தார். இருபத்தொன்பது நாள் தூங்காமல் யோசித்து, 'மூன்றாம் நபர் விவரம்' ஸ்டாம்பைக் குத்தினார். அன்றைய டீயும் இனித்தது.

"ஏம்மா, உன் தையல்காரம்மாவுக்கு இப்போ வேலை குறைச்சலா?"

"அக்காவுக்கா? பட்டன் தைக்கவே நேரமில்லைன்னு புலம்புறாங்க. ஏங்க?"

"சும்மாதான் கேட்டேன். ஆபீஸ்ல ஒரு கேஸு. வேற ஒரு ஆளைப் பத்தின காகிதத்தைக் கேக்கறாங்க. சம்பந்தப்பட்ட ஆள் சம்மதிக்காமத் தர முடியாதுன்னு அடிச்சு விட்டுட்டேன்."

"சம்மதிச்சுட்டா?"

"சம்மதிச்சா குடுத்துத்தான் ஆகணும். ஆனா அவ எங்க சம்மதிக்கப் போறா."

"அவளா?"

டீ புரை ஏறியது. அவள் எழுந்து வந்து தலையில் தட்டினாள்.

"அவர்! அவர்னு சொன்னேன்."

"என் காதுல சரியா விழலைங்க" என்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தது.

அன்று அவருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது உண்மை. இவளுக்குத் தெரிந்திருக்குமோ? உட்கார்ந்து கணக்காக யோசித்தார். தெரிந்திருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். பாத்திரமெல்லாம் அலமாரியில் அடுக்கினபடி இருக்கிறது. ஆகவே தெரியாது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் மனைவியோடு இருபத்தோரு வருஷம் வாழ்ந்திருந்தாரே தவிர, அவளைப் பற்றி எந்த மனுவும் போட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

மூன்றாவது மனு இப்படி வந்தது: 'தேர்வுப் பட்டியலையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் நேரில் பார்வையிட விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதக் கடிதம் அப்போது தரப்படும். என் சார்பில் வேறொருவர் வரக்கூடும்.'

சம்மதக் கடிதமா? அது எப்படிக் கிடைக்கும்? முப்பதுநாளாருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. போலிக் கையெழுத்து! என் மனைவியின் கையெழுத்தை எவளோ ஒருத்தி கள்ளத்தனமாகப் போட்டுக்கொண்டு வரப்போகிறாள்! என்ன அக்கிரமம், என்ன அயோக்கியத்தனம் என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தம் பாதியிலேயே ஆறிப்போனது. தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தத் தடவை ஐந்து ஸ்டாம்பும் உதவவில்லை. பார்வையிட விடாமல் இருக்க முடியாது. இருபத்தெட்டு நாள் ஓடிவிட்டது. டீயில் ஈ விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"ஒரு யோசனை கேக்கறேன், சொல்லு. ஒருத்தரை வாங்கன்னு கூப்பிடணும். ஆனா அவங்க வரவே கூடாது. என்ன செய்யலாம்?"

"உங்க ஆபீசுக்கா?"

"ஆமா."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒண்ணுல இருந்து ஒண்ணரைக்குள்ள வரச் சொல்லுங்க. சாப்பாட்டு நேரத்துல வாச்மேன் கேட்டைப் பூட்டிடுவார் இல்ல? யாரையும் உள்ள விடமாட்டாரே. கேரியர் கொண்டாற என்னை மட்டும்தானே விடுவார்."

முப்பதுநாளார் துள்ளி எழுந்தார். "அட! ஆமாம்மா! கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு! உனக்கு எப்படிம்மா இந்த மூளை?"

"எல்லாம் உங்க கூட இருந்து வந்ததுதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் காரமாக இருக்கும் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் பதில் போனது. 'வரும் வியாழக்கிழமை மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை மட்டும் நேரில் வந்து பார்வையிடலாம். தவறினால் மனு முடிக்கப்படும்.'

வியாழக்கிழமை. சட்டம் சொன்னபடி ஃபைலை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார். மணி ஒன்று அடித்தது. வாச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. காதுக்கு அவ்வளவு இனிமை. இன்னும் முப்பது நிமிஷம், அப்புறம் ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை. அப்போது கேட் மறுபடி திறக்கும் சத்தமும், "வாங்க அண்ணி, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்ற வாச்மேனின் குரலும் கேட்டன. சாப்பாடு வந்துவிட்டது. நல்ல பசி.

மனைவி உள்ளே வந்தாள். வழக்கமாகச் சுவரோரம் இருக்கும் ஸ்டூலில் உட்காருபவள், அன்று மனுதாரர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தாள். கேரியரின் முதல் அடுக்கைத் திறந்தாள். அதில் மடித்த ஒரு காகிதம் இருந்தது. அவருடைய பதில்தான், அவர் கையெழுத்தோடு.

இரண்டாவது அடுக்கில் தையல்காரம்மாவின் கடிதம். 'என் சார்பில் இவரைப் பார்வையிட அனுமதிக்கவும்.'

மூன்றாவது அடுக்கை அவள் திறக்குமுன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாத மாதிரி ஒரு கேள்வி கேட்டார். மூழ்குகிறவன் எதையாவது பிடித்துத்தானே ஆக வேண்டும்.

"சாப்பாடு?"

"இன்னிக்குக் காகிதம்தான்" என்று சம்மதக் கடிதத்தை நீட்டினாள். "மூணாவது ஆள் நான்தான். எனக்கு முழுச் சம்மதம். ஃபைலைக் குடுங்க."

"நீ எப்படி உள்ள..."

"சொன்னேனே. என்னை மட்டும்தான் விடுவார்னு."

பட்டியலைப் பார்த்தாள். தன் பெயருக்கு எதிரே ஒன்று என்று இருந்ததை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்தேழைப் படிக்க அரை நிமிஷம்கூடத் தேவையில்லை, மொத்தமே ஒன்றரை வரி. அவள் ரொம்ப நேரம் படித்தாள். முப்பதுநாளார் பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தார். பறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமா" என்றார். பதினோரு வருஷத்தில் முப்பது நாள் காத்திருக்காமல் அவர் கொடுத்த முதல் தகவல் அதுதான்.

"இப்போ வாசகசாலையில இருக்கற அம்மா ரிட்டயர் ஆகப் போறாங்க. அக்காகிட்ட துணி தைக்கக் குடுக்க வந்தப்போ சொல்லியிருக்காங்க. 'பட்டியல்ல நான் ரெண்டாவதுதான், முதல்ல வந்தவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அவங்க புண்ணியத்துல முப்பது பேருக்கு நடுவுல எனக்குக் கிடைச்சுது'ன்னு. யாருன்னு அக்கா கேட்டிருக்காங்க. என் பேரைச் சொல்லியிருக்காங்க." அவள் குரல் உயரவே இல்லை. "உங்ககிட்ட நேரா கேட்டிருப்பேன். கேட்டா நீங்க பதில் சொல்ற மாதிரிதான் எனக்குத் தெரியுமே. அதான் காகிதத்தைக் கேட்டேன்."

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்றார். பத்தொன்பது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் அது. வெளியே வந்ததும் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்த்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"ரெண்டு நாள் அழுதேன். பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்தீங்க."

"ஞாபகம் இருக்கு."

"வாரா வாரம் புத்தகம் தூக்கிட்டு வந்தீங்க. பாசம்னு நெனச்சேன்."

"பாசமும்தாம்மா."

அவள் ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "ரெண்டு பக்கத்துக்கும் நகல் வேணும். உண்மை நகல்னு சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு."

"எதுக்கு?"

"அந்த வேலைக்கு மறுபடியும் ஆள் எடுக்கறாங்க. பழைய பட்டியல்ல தேர்வாகி, சேராமப் போனவங்களுக்கு வயசு வரம்பு கிடையாதாம். நாளைக்குக் கடைசி நாள். நாங்க மனு போட்ட வேகத்துக்கு நீங்க பதில் போட்டிருந்தா மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"இந்தக் கடிதத்தைக் குடுத்தா, போலிக் கையெழுத்துன்னு..." அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "என் வேலை போயிடும்மா."

"உங்களை யாருங்க காட்டிக் குடுக்கப் போறா? 'குடும்பச் சூழ்நிலை காரணமா'ன்னு நீங்களே அழகா எழுதியிருக்கீங்க. 'இப்போது குடும்பச் சூழ்நிலை மாறிவிட்டது'ன்னு நான் ஒரு வரி எழுதிட்டேன். போதும்."

முப்பதுநாளார் நகல் எடுத்தார். தான் எழுதிய பொய்யின்மேல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினார். கீழே போட்ட கையெழுத்து கோணலாகப் போயிற்று.

"தெளிவாப் போடுங்க" என்றாள். "என் கையெழுத்தைத் தெளிவாத்தானே போட்டிருக்கீங்க."

இரண்டு நகலையும் கேரியரின் அடுக்குகளில் வைத்து மூடிக்கொண்டு போனாள். அன்று அவர் பட்டினி.

வேலை அவளுக்குக் கிடைத்தது. வாசகசாலை மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்த அழகைப் பார்த்துவிட்டு வந்து வாச்மேன் சொன்னார், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி இருக்கிறதாம். முப்பதுநாளார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த மேஜையில் அவள் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியவள். இனி பாக்கி இருப்பது ஒன்பதே வருஷம். கழித்தல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும், அன்று அது வராமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் சண்டை இல்லை. அதுதான் கஷ்டம். காலையில் "குளிச்சாச்சா", சாயங்காலம் "டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு", அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் புத்தகம் எடுக்கப் போவதில்லை, யாருக்காகப் போவது? மதியம் ஒரு மணிக்குக் கேரியர் வருவதில்லை. கேட் பூட்டும் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இரண்டு தடவையும், "எனக்கு நேரமாச்சுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாயால் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் ஒரு நாள் வெள்ளைத்தாளை எடுத்தார். மனைவி விஷயமாக அவர் வெள்ளைத்தாளில் எழுதுவது இது இரண்டாவது தடவை. 'நான் செய்தது பெரிய தவறு. என்னை மன்னித்துவிட்டாயா என்ற தகவலைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே தன் கையெழுத்தையே போட்டார். வாசகசாலைக்கு நேரில் கொண்டுபோய், புத்தகம் திருப்புகிறவர்களின் வரிசையில் நின்று, முறை வந்ததும் கொடுத்தார். அவள் ஒருமுறை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேதி முத்திரை குத்தி ரசீது கொடுத்தாள்.

"பதில் எப்போம்மா வரும்?"

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.

முப்பது நாள் என்றால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் காலையில் தபால் கட்டை முதல் ஆளாகப் பிரித்தார். சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைத் தபால் மாதிரிப் பார்த்தார். ஐந்தாம் நாள் நம்பிக்கை இருந்தது. பன்னிரண்டாம் நாள் கோபம் வந்தது, ஒரு வரி எழுத இவ்வளவு நாளா என்று. இருபதாம் நாள், அந்த வீட்டு வரைபடம் கேட்ட ஆள் நினைவுக்கு வந்தார். அப்பா கட்டின வீடு சார், அவர் கையெழுத்து அதுல இருக்கும் சார் என்று அவர் இதே மேஜைமுன் நின்றது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் பழைய மனுக் கட்டைத் தேடினார். வரைபடம் மூன்றாவது அலமாரியில் அப்படியே இருந்தது. நகல் எடுத்து அனுப்பிவைத்தார். அந்த மனிதர் அலறிப் புடைத்துக்கொண்டு மறுநாளே ஓடிவந்து, "ஏதாவது தப்பாயிடுச்சா சார்?" என்று கேட்டார். ஒன்றும் தப்பாகவில்லை என்று அவரை நம்பவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முப்பதாம் நாள் வந்தது. காலைத் தபாலில் இல்லை. மதியம் இல்லை. மூன்றரை மணிக்கு மேல் அவர் எந்த வேலையும் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். நாலு அடித்தது. கடைசி மணி ஓயுமுன் வாச்மேன் உள்ளே வந்து, "அண்ணி குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. சரியா நாலுக்குத்தான் குடுக்கணுமாம். அரை மணியா வெளியிலேயே நிக்கறேன்" என்று ஒரு உறையை நீட்டினார்.

முப்பதுநாளார் உறையைக் கிழிக்காமல், ஓரத்தைக் கவனமாக நறுக்கிப் பிரித்தார். வாசகசாலை முத்திரை. அவளுடைய கையெழுத்து. அதைத் தான் எவ்வளவு மோசமாகக் காப்பியடித்திருக்கிறோம் என்று முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு படித்தார்.

'தங்கள் மனு கிடைத்தது. தாங்கள் கேட்ட தகவல் இன்றைய தேதி வரை உருவாகவில்லை. இல்லாத தகவலைத் தர இயலாது. எனினும் சம்பந்தப்பட்டவரை வேலை நாட்களில் மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை நேரில் வந்து பார்வையிடலாம். வரும்போது கேரியர் கொண்டுவரவும். சமைப்பது மனுதாரர் பொறுப்பு.'